கல்லூரி மனுவில் ஒரு கட்டுரை

ஆறாம் படிவத்தில் பயிலும் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்குமானால், மேற்படிப்புக்கு மனுச் செய்யும் காலத்தில் அவ்வீட்டில் நிலவும் பரபரப்பை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, தோட்டத்து ஆபீசில் வாங்க வேண்டிய கடிதம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதிலேயே நாட்கள் கழிகின்றன. இவை யாவும் பெற்றோருக்குப் பழகிய காரியங்கள். ஆனால் சில மனுக்களில் இவற்றோடு, உம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுக என்னும் கட்டளையும் இருக்கிறது. அதைக் கண்டவுடன் பிள்ளை திகைக்கிறது. பெற்றோரோ, 'அது இங்கிலீசில் எழுதுவது, நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்குவது சரியன்று. அக்கட்டுரைக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி பெற்றோரிடமே இருக்கிறது. அது எவ்வாறு என்பதையே இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நலம். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு யு.பி.யு. வழியாகச் செய்யும் மனுவில் இத்தகைய கட்டுரைக்கு இடமில்லை. அங்கே தேர்வுப் புள்ளிகளுக்கு 90 விழுக்காடும், புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் என்று கணக்கிட்டுத் தரம் பிரிக்கின்றனர். சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. கட்டுரை கேட்கப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டுக் கல்லூரிகளில், அவற்றுள்ளும் சிறப்பாக அமெரிக்கக் கல்லூரிகளில்தான். உள்நாட்டில் உபகாரச் சம்பளம் வழங்கும் அமைப்புகள் சிலவும் தம் பாரங்களில் சிறு கட்டுரை கேட்பதுண்டு.

'அமெரிக்கா எங்கே, நம் லயம் எங்கே' என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். அதற்கு நம் விடை இது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகிய உயர்கல்விக்கூடங்கள், வெளிநாட்டு மாணவர் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, அவர் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்ப்பதில்லை. இடம் கிடைத்துவிட்டால், குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு, கட்ட இயலாத தொகை முழுவதையும் அவையே ஏற்கின்றன. ஆகவே பால்மரம் வெட்டுவோர் பிள்ளைக்கு அங்கே தடையாக நிற்பது பணம் அன்று. போட்டியே தடை. 2022-ஆம் ஆண்டில் ஹார்வர்டுக்கு 61,000-க்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன; இடம் பெற்றோர் 2,000 பேருக்கும் குறைவு. தேர்வுகளில் மிக உயர்ந்த புள்ளிகள் இன்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சாட் என்னும் தேர்வையும் மீண்டும் கட்டாயமாக்கியுள்ளன. யு.பி.யு. மனுவைக் கைவிட்டுவிட்டு இதை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறோம்.

மனுச் செய்வோர் யாவரும் நல்ல புள்ளி எடுத்தவர்களாகவே இருக்கையில், யாரைக் கொள்வது, யாரைத் தள்ளுவது என்னும் கேள்வி எழுகிறது. கட்டுரைக்கு வேலை வருவது அவ்விடத்தில்தான். இவ்வழக்கத்தின் பிறப்பு அவ்வளவு பெருமைக்குரியதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1920-ஆம் ஆண்டுகளில், தேர்வு எழுதி நன்கு தேறி வந்த யூத மாணவரின் தொகை பெருகுவதைக் கண்ட ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவை, புள்ளிகளை மட்டும் பார்ப்பதை விடுத்து, மாணவரின் குணம், குடும்பம், பழக்கவழக்கம் ஆகியவற்றையும் விசாரிக்கத் தொடங்கின. சிலரை வெளியே நிறுத்துவதற்கென்று போட்ட கதவு அது. இன்று அதே கதவின் வழியாக, முன்பு உள்ளே வர வாய்ப்பில்லாதிருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் தம்மைப் பற்றித் தாமே பேச முடிகிறது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் பொது மனு ஒன்று உண்டு. அதற்குக் காமன் அப்ளிகேஷன் என்று பெயர். அதில் கட்டுரை 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஏழு தலைப்புகள் தரப்படுகின்றன. உம்முடைய பின்னணி அல்லது ஈடுபாடு, நீர் அடைந்த தோல்வியும் அதனால் கற்றதும், நீர் ஐயுற்று வினவிய ஒரு கருத்து என்பன போன்றவை அவை; ஏழாவது, விரும்பிய எதையும் எழுதலாம் என்பது. எம்.ஐ.டி. இம்மனுவை ஏற்பதில்லை, தனக்கென ஒரு மனு வைத்து, சிறு சிறு கேள்விகள் பலவற்றைக் கேட்கிறது. பிரிட்டனில் யூகாஸ் என்னும் அமைப்பின் வழியாகச் செய்யும் மனுவிலும், 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கின்றனர். அங்கே வேண்டுவது பெரும்பாலும் பாடத்தைப் பற்றிய பேச்சு. இங்கு நாம் விரித்துரைப்பது அமெரிக்க வகைக் கட்டுரையையே.

இனி, எவ்வாறு எழுதுவது?

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 'நான் சிறு வயது முதல் அறிவியலில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். என் பெற்றோர் ஏழைகள். அவர்கள் எனக்காகப் பல தியாகங்கள் செய்தனர். நான் விடாமுயற்சியும் தலைமைத்துவமும் உடையவள். உலகுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.' இவற்றுள் ஒரு வரியும் பொய்யாக இராது. ஆயினும் இதைப் படித்தவர், இம்மாணவியை இன்னொரு மாணவியிடமிருந்து பிரித்தறிய முடியுமா? முடியாது. பெயரை மாற்றிவிட்டால் இக்கட்டுரை ஜொகூரில் உள்ளவளுக்கும் பொருந்தும், பிரேசிலில் உள்ளவளுக்கும் பொருந்தும்.

நல்ல கட்டுரை என்று எதையேனும் பார்த்து எழுதினாலும் இதே கதிதான். 2007-ஆம் ஆண்டில் யூகாஸ் அமைப்பினர் சுமார் 50,000 மனுக்களைக் கணினியால் ஒப்பிட்டுப் பார்த்தனர். எட்டு வயதில் இரசாயன விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சோதனை செய்தபோது இரவு உடையில் பொத்தல் விழுந்தது என்னும் செய்தி, அவற்றுள் 234 மனுக்களில் இருந்ததாம்! முதன்முதலில் எழுதியவரின் உடை மெய்யாகவே எரிந்திருக்கலாம். மற்ற 233 பேரின் உடைகள் எரியவில்லை என்று நாம் துணிந்து கூறலாம்.

அப்படியானால் எதை எழுதுவது? ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன மாணவியின் தாய் பால்மரம் வெட்டுபவர். பள்ளி விடுமுறையில் மகளும் உடன் சென்று ஒட்டுப்பால் எடுத்து, மங்குகளைத் துடைத்து உதவுகிறாள். விடியுமுன் வெட்டினால் பால் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு அதிகம் என்று அறிய அவளுக்கு ஆசை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில், முதல் மரத்தில் உளி பட்ட நேரத்தையும், நிறுவையின்போது வந்த எடையையும் இருபது நாட்கள் குறித்து வருகிறாள். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேர்மாறாக இருக்கிறது! நேரங்கழித்துத் தொடங்கிய நாட்களிலேதான் பால் கூடுதலாக வந்திருக்கிறது. ஊரார் சொல்வது பிழை என்று தான் கண்டுபிடித்துவிட்டதாக அவள் மகிழ்கிறாள். இரவு சோறு ஆக்கிக்கொண்டிருந்த தாயிடம் புத்தகத்தைக் காட்டுகிறாள். தாய் இரண்டு வரிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏம்மா, முந்தாநாள் வெட்டினது மேட்டு மரம், நேற்று வெட்டினது பள்ளத்து மரம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா எப்படி?" என்கிறார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையில், இன்று வெட்டிய மரங்கள் நாளை ஓய்வெடுக்கும் என்பது நம் வாசகர் யாவரும் அறிந்ததே. மேட்டு நிரையில் பால் குறைவு. பள்ளத்து நிரையில் மிகுதி. பள்ளத்து நிரை தொலைவில் இருப்பதால், அங்கே செல்லும் நாட்களில் வெட்டுத் தொடங்க நேரமாகிவிடுகிறது. மகள் அன்றிரவே கணக்கை இரு பத்திகளாகப் பிரித்து எழுதுகிறாள். இப்பொழுது ஒவ்வொரு பத்தியிலும், நேரம் ஏற ஏறப் பால் குறைந்திருப்பது தெரிகிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து, பட்டைக்குள் பால் குழாய்களின் அழுத்தம் தணிந்து, ஓட்டம் மட்டுப்படுகிறது என்பதைப் பின்னர் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்கிறாள்.

இதைத்தான் எழுத வேண்டும். இதில் 'ஆர்வம்' என்னும் சொல்லே இல்லை. ஆனால் இருபது நாட்கள் விடியுமுன் எழுந்து கணக்கெழுதியவளுக்கு ஆர்வம் உண்டா என்று யாரும் கேட்கமாட்டார்கள். 'ஏழை' என்னும் சொல்லும் இல்லை. ஆனால் விடுமுறையில் மங்கு துடைக்கும் பிள்ளையின் வீட்டு நிலைமை படிப்பவருக்குப் புரிகிறது. எல்லாவற்றையும்விட, அவள் தவறு செய்தாள், அத்தவறு எங்கே நுழைந்தது என்று கண்டாள், திருத்தினாள். வகையால் வேறுபட்டவற்றைக் கலந்து கூட்டினால் விடை தலைகீழாகும் என்பது புள்ளியியல் கற்போர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பாடம். அவளுக்கு அதை அடுப்படியில் கற்பித்தவர் தாய். கல்லூரியினர் தேடுவது இத்தகைய பிள்ளையைத்தான். எதையும் தானாகவே உற்றுப் பார்த்து, பார்த்ததைப் பற்றி நேர்மையாகச் சிந்திக்கக்கூடியவர், தம் வகுப்பறையில் இருக்க வேண்டுமென்று அவர்கள் விரும்புகின்றனர்.

எல்லாப் பிள்ளைகளும் கணக்கெழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் திருவிழாவின் வரவு செலவைப் பார்த்துக்கொண்ட பையன் இருப்பான். தம்பி தங்கையருக்கும் அண்டை வீட்டாருக்கும் பாரம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து, மலாயிலிருந்து தமிழுக்கு வாய்மொழியாகப் பெயர்ப்பதில் கைதேர்ந்த பெண் இருப்பாள். பந்து விளையாட்டில் கடைசிவரை ஆடவிடப்படாமல் ஓரத்தில் அமர்ந்தே மூன்று ஆண்டுகள் கழித்தவனும் இருப்பான். அவனிடமும் ஒரு கட்டுரை இருக்கிறது. பொருள் சிறிதாக இருத்தல் குறையன்று. பரிசுகளையும் பதவிகளையும் அடுக்குவதற்குப் பொது மனுவில் தனி இடம் உண்டு. பத்து நடவடிக்கைகள் வரை அங்கே குறிக்கலாம். அதையே கட்டுரையிலும் திருப்பி எழுதினால், கிடைத்த 650 சொற்களும் வீண்.

பெற்றோரிடம் நாம் கேட்பது இனித்தான் வருகிறது. பிள்ளை எழுத அமரும் முன், ஒரு மாலைப் பொழுது அதனோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் இத்தோட்டத்துக்கு எந்த ஆண்டில் வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், முன்பிருந்த தோட்டம் என்னவாயிற்று, ஒரு நாளைக்கு எத்தனை மரம், உளியை எப்படித் தீட்டுவது, மழை நாளில் என்ன செய்வது என்பவற்றை உங்களைவிடத் திருத்தமாகச் சொல்ல யாருமில்லை. உங்கள் பிள்ளைக்கு இவையெல்லாம் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். 1960-ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தொடக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டனார் பங்கு வாங்கிய செய்தியே பேரப்பிள்ளைக்குத் தெரியாத குடும்பங்கள் உண்டு. 'அப்பா கடினமாக உழைத்தார்' என்னும் வரி யாருக்கும் எதையும் காட்டாது. 'அப்பா பெரட்டுக்குப் போகுமுன், என் சப்பாத்தைத் தம் கைவிளக்கு வெளிச்சத்தில் துடைத்து வைத்துவிட்டுச் செல்வார்' என்னும் வரி காட்டும். அதைப் பிள்ளை மறந்திருக்கலாம், உங்களுக்கு நினைவிருக்கும்.

மனுவில் பெற்றோரின் தொழிலும் கல்வியும் கேட்கப்படும். அவ்விடத்தில் பிள்ளைகள் சிலர் கூச்சப்பட்டு, 'சொந்தத் தொழில்' என்றோ 'தனியார் துறை' என்றோ மழுப்பி எழுதிவிடுகின்றனர். இது பொய் என்பதோடு, தமக்குத் தாமே செய்துகொள்ளும் கெடுதலுமாகும். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர் யார் என்பதை அமெரிக்கக் கல்லூரிகள் தனியே கவனிக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் 90 புள்ளியும், லயத்து வீட்டில் கூடத்து விளக்கடியில் படித்த பிள்ளையின் 90 புள்ளியும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும்; தெரிவித்தால்தானே தெரியும்! பால்மரம் வெட்டுபவர் என்பதை உள்ளபடியே எழுதட்டும். அவ்வாறு எழுதும்படி நீங்களே சொல்ல வேண்டும். நீங்கள் சங்கடப்படுவீர்களோ என்று அஞ்சியே பல பிள்ளைகள் மறைக்கின்றனர்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. துன்பத்தை விற்கும் கட்டுரையைச் சொல்கிறோம். தகப்பனாரின் குடி, வீட்டுக் கடன், தாயின் நோய் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படிப்பவர் கண்ணீர் விட்டால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி எழுதுவது. நடந்ததை எழுதக் கூடாதென்று நாம் கூறவில்லை. ஆனால் வீட்டுச் செய்தியை எழுதுமுன் வீட்டாரைக் கேட்க வேண்டும். அது பிள்ளை ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. கேட்டு எழுதினாலும், துன்பத்துக்கு நான்கு வரி போதும். மீதி இடம், அந்நிலையில் பிள்ளை என்ன செய்தது, என்ன எண்ணியது என்பதற்கு உரியது. கட்டுரை தகப்பனாரைப் பற்றியது ஆகிவிட்டால், கல்லூரியார் அவரைத்தான் சேர்த்துக்கொள்ள விரும்புவர்! தாயின் நோயைப் பற்றி எழுதப் பிள்ளைக்கு மனம் வரவில்லையானால், எழுதாதிருப்பதால் எக்குறையும் இல்லை. எவரும் அதை எதிர்பார்ப்பதில்லை.

மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைக் கோப்பது நம் மாணவரிடையே காணும் பழக்கம். எழுதுபவருக்கே பழக்கமில்லாத சொல் படிப்பவருக்கு உடனே தட்டுப்பட்டுவிடும். முதலில் தமிழில் வாயாலே ஒருவருக்குச் சொல்லிப் பார்க்கலாம். அண்ணனிடமோ, பாட்டியிடமோ சொல்லும்போது எந்த இடத்தில் அவர்கள் 'அப்புறம்?' என்று கேட்கிறார்களோ, அங்கேதான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழ் வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவதே நல்லது. முதற்படி முடிந்தபின் ஒரு வாரம் மூடி வைத்து, திறந்து, முதற்பத்தியை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கட்டும். பல வேளைகளில் கட்டுரை இரண்டாம் பத்தியில்தான் தொடங்கியிருக்கும். அறிஞர் பொன்மொழியோடு தொடங்குவதும் வேண்டாம்; அந்த இடம் அறிஞருக்கன்று, மாணவருக்கு.

பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் கேட்பது நன்று. ஐந்து பேரிடம் காட்டினால் ஐந்து பேருடைய குரலும் கலந்து, பிள்ளையின் குரல் காணாமற்போய்விடும். கூலி வாங்கிக்கொண்டு முழுவதும் எழுதித் தருகிறோம் என்பாரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொல்லி, வருவதைத் தன்னுடையதாக அனுப்புவதையும் காமன் அப்ளிகேஷன் 2023-ஆம் ஆண்டு முதல் மோசடி என்றே வகுத்திருக்கிறது. பிடிபட்டால் மனு தள்ளப்படும். பிடிபடாவிட்டாலும், மேட்டு மரத்தையும் பள்ளத்து மரத்தையும் அந்தக் கருவி பார்த்ததில்லை.

காலக்கணக்கு இது. பொது மனு ஒவ்வோராண்டும் ஆகஸ்டு முதல் தேதி திறக்கப்படுகிறது. முன்கூட்டி முடிவு வேண்டுவோருக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் முதல் தேதி. ஏனையோருக்குச் சனவரித் தொடக்கம். முடிவுகள் மார்ச்சு மாதக் கடைசியில் வரும். மனுக்கட்டணம் கட்ட இயலாதவர், விலக்கு அளிக்குமாறு கேட்க வழியுண்டு. நிதியுதவிக்குத் தனிப் பாரம் இருக்கிறது. அதற்குப் பெற்றோரின் வருமான விவரம் வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வையுங்கள். கட்டுரையின் பிரதி ஒன்றையும் அவற்றோடு வைக்கலாம். பின்னர் நேர்காணல் நடக்குமானால் அதிலிருந்தே கேள்வி கேட்பர். அந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் பழைய காகிதத்தோடு போட்டுவிட வேண்டாம்.